சென்னையில் கட்டடம் ஆடினால்: அடுக்குமாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

சென்னையில் வீடு தேடி வருபவர்கள் 2015 வெள்ளத்தில் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று விசாரிப்பார்கள். போர் தண்ணீர் உப்பா, மெட்ரோ தண்ணீர் வருகிறதா என்று கேட்பார்கள். நிலநடுக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், "அதெல்லாம் இங்க வராதுங்க" என்பதுதான் புரோக்கரின் பதிலாக இருக்கும்.

வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அருகே கடலுக்கடியில் 5.5 அளவில் ஒன்று. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6, அன்றைக்குச் சென்னையில் அலுவலகக் கட்டடங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கி வந்தார்கள். 2014 மே 21 இரவு வங்கக் கடலில் 6 அளவில் இன்னொன்று. நிலநடுக்க வரைபடத்தில் முதலில் 2-ஆம் மண்டலத்தில் இருந்த சென்னை, 2002-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 என்ற இந்தியத் தர விதிப்படி 3-ஆம் மண்டலத்துக்கு ஏற்றப்பட்டது. இமயமலை அடிவாரத்தின் ஆபத்து இங்கே இல்லை. ஆனால் நடுத்தர அதிர்வு ஒன்று வரக்கூடும் என்று கணக்கில் வைத்தே இங்கே கட்டடம் கட்ட வேண்டும் என்பது விதி.

இரண்டு விதமான ஆட்டம்

அருகில் வருவது ஒரு வகை. தூக்கிப் போட்டதுபோல் ஒரு உதறல், ஜன்னல் கம்பி படபடக்கும், பாத்திரம் கலகலக்கும், பத்து இருபது வினாடியில் அடங்கிவிடும். தரைத்தளத்தில் இருப்பவருக்கும் தெரியும்.

சுமத்ராவிலோ அந்தமானிலோ வருவது வேறு மாதிரி. வேகமான அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துபோய், நிதானமாக ஆட்டும் நீண்ட அலைகள் மட்டும் சில நிமிடங்கள் கழித்து இங்கே வந்து சேரும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தானாக ஆடும் ஒரு தாளம் உண்டு. தோராயமாக ஒரு மாடிக்கு 0.1 வினாடி என்று வைத்துக்கொள்ளலாம். பத்து மாடிக் கட்டடம் ஒரு முறை போய்வர ஒரு வினாடி. தூரத்து அலையின் தாளம் உயரமான கட்டடத்தின் தாளத்தோடுதான் ஒத்துப்போகும். அதனால்தான் பன்னிரண்டாம் மாடியில் இருப்பவருக்குத் தலை சுற்றும்போது, கீழே செக்யூரிட்டி ஒன்றும் தெரியாமல் டீ குடித்துக்கொண்டிருப்பார். இருவர் சொல்வதும் உண்மைதான்.

மண்ணும் ஒரு காரணம். கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் பாறை மேலேயே இருக்கிறது. ஆற்றோரங்களிலும் பள்ளிக்கரணை போன்ற சதுப்பு ஓரங்களிலும் ஆழம்வரை களிமண்ணும் வண்டலும். இளகிய மண் அதிர்வைக் கூட்டிக் காட்டும்.

ஆடுவது கட்டடமா, நமக்குத்தான் மயக்கமா என்ற சந்தேகம் வந்தால் ஓடாத மின்விசிறியின் தண்டையோ, பாத்ரூம் பக்கெட்டில் இருக்கும் தண்ணீரையோ பாருங்கள். மயக்கத்தில் தண்ணீர் அலையடிக்காது. லாரி, மெட்ரோ சுரங்க வேலை, பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குப் பைல் அடிப்பது இதெல்லாம் தரையில் 'தட தட' என்று ஒரே சீராகத் தெரியும். தொங்கும் பொருளை ஊஞ்சலாட்டாது.

வீடு பார்க்கும்போதே: கீழே பார்க்கிங்கில் ஐந்து நிமிடம்

வீட்டுக்குள் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்ப்பதற்கு முன்னால் தரைத்தளத்தில் நில்லுங்கள். சென்னை அடுக்குமாடிகளில் பெரும்பாலானவை ஸ்டில்ட் பார்க்கிங் வகை. கீழே வெறும் தூண்கள், மேலே நாலு மாடிக்கும் செங்கல் சுவர். மேல்தளங்கள் சுவர்களால் விறைப்பாக ஒரே பெட்டிபோல் நிற்கும். தரை ஆடும்போது வளைய வேண்டிய அத்தனையும் கீழ்த் தூண்களின் தலையிலும் காலிலும் வந்து விழும். 2001 ஜனவரி 26 குஜராத்தின் புஜ் நிலநடுக்கத்தின்போது, மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் இப்படித்தான் உட்கார்ந்தன. கீழ்த்தளம் நசுங்கியது, மேல்தளங்கள் அப்படியே அதன்மேல் இறங்கின. அதற்கடுத்த ஆண்டு வந்த திருத்தம், இப்படித் திறந்திருக்கும் தளத்தின் தூண்களையும் பீம்களையும் கணக்கில் வரும் விசையைப்போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது. எனவே கட்டடம் கட்டிய ஆண்டைக் கேளுங்கள். 2002-க்கு முந்தியதென்றால் உடனே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தூண்களை இன்னும் கூர்ந்து பாருங்கள்.

பார்க்க வேண்டியவை:

தூணின் நீளவாக்கில், உள்ளே கம்பி ஓடும் கோட்டில், மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. பக்கத்தில் பழுப்புக் கறை. பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகளில் இது சகஜம். உப்புக் காற்றிலோ, கட்டும்போது ஊற்றிய உப்புத் தண்ணீரிலோ கம்பி துருப்பிடித்து ஊதும். ஊதிய துரு மேல் கான்கிரீட்டைத் தள்ளி உரித்துவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி பெயின்ட் அடித்திருந்தால் நோயை மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஒழுங்கான வைத்தியம் என்றால் துருப்பிடித்த கம்பியின் பின்பக்கம்வரை கான்கிரீட்டைக் கொத்தி, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலவையால் நிரப்ப வேண்டும்.

எங்காவது கான்கிரீட் உதிர்ந்து உள்ளே ரிங் தெரிந்தால் அதையும் பாருங்கள். கம்பி கட்டுபவர்கள் ரிங் என்று சொல்வது, நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தை. அதன் முனை வெறும் 90 பாகையில் மடங்கியிருந்தால், தூணின் மேல்தோல் உதிர்ந்ததும் பிரிந்துகொள்ளும். ஐ.எஸ். 13920 விதிப்படி முனை 135 பாகை உள்நோக்கி, கான்கிரீட்டின் வயிற்றுக்குள் கொக்கியாக மடங்க வேண்டும். தூணின் தலைப்பகுதியிலும் அடிப்பகுதியிலும் ரிங்குகள் நெருக்கமாக இருக்க வேண்டும், அதிகபட்சம் 100 மி.மீ. இடைவெளி. கொக்கியை மடக்க ஒரு ரிங்குக்குச் சில வினாடி கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். அதைத்தான் தளத்தில் முதலில் விட்டுவிடுவார்கள். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை வாங்குபவர்கள் கான்கிரீட் போடும் முந்தைய நாள் போய் இந்த ஒன்றை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

அடுத்து, தூணையோ பீமையோ குடைந்து குழாய் விட்டிருக்கிறார்களா, கீழ்த்தளத்தில் பாதிக்கு மட்டும் சுவர் எழுப்பிக் கடை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் தூண் என்றால் கட்டடம் முறுக்கிக்கொண்டு ஆடும். மொட்டை மாடிக்கும் ஏறிப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன். பழைய கட்டடங்களில் மாடிப்படி ஹெட்ரூமின் தலையிலேயே சிமென்ட் தொட்டி கட்டியிருப்பார்கள். படியில் ஓடாதீர்கள் என்று கீழே சொல்லப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்குள்: ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

நடுத்தர அதிர்வில் கட்டடம் விழுவது அபூர்வம். வீட்டுக்குள் இருக்கும் சாமான் விழுவதுதான் அடிக்கடி நடப்பது.

முதலில் பீரோ. கட்டிலின் மேல் சாயாத, கதவை மறிக்காத இடத்துக்கு நகர்த்துங்கள். ஆணி அடிக்க ஓனர் சம்மதித்தால், பீரோவின் மேல்முனை இரண்டிலும் எல் ஆங்கிள் வைத்துச் சுவரோடு பிடியுங்கள். இங்கேதான் தவறு நடக்கும். சுவர்ப்பூச்சு மட்டுமே 12 மி.மீ. இருக்கும். சின்ன ஸ்க்ரூ பூச்சோடு நின்றுவிட்டால் பீரோ சாயும்போது பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வரும். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் 50 மி.மீ. போக வேண்டும், செங்கல் இணைப்புச் சாந்தில் அல்ல, கல்லின் நடுவில். புதிய கட்டடங்களில் ஏ.ஏ.சி. பிளாக் என்ற வெள்ளை நிற இலகுக் கல் சுவர் இருக்கும். டிரில் போட்டால் வெண்ணெய்போல் இறங்கும், சாதாரண பிளக் அதில் நிற்காது. அதற்கென்றே நீளமான நைலான் பிளக் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

ஓனர் ஆணியே அடிக்கக் கூடாது என்றால், முன்கால் இரண்டின் அடியிலும் மரச் சில்லு வைத்து பீரோவைச் சுவர்ப்பக்கம் கொஞ்சம் சாய்த்து நிறுத்துங்கள். அதன் தலைமேல் ஏற்றிவைத்த சூட்கேஸை இறக்குங்கள். கனமானவை கீழ்த்தட்டில், துணி மேல்தட்டில்.

லாஃப்ட் என்பது சென்னை வீட்டின் கிடங்கு. பித்தளை அண்டா, பழைய மிக்ஸி, கொலு பொம்மைப் பெட்டி எல்லாம் திறந்த பரணின் விளிம்பில் நிற்கும், நேர் கீழே சமைப்பவரின் தலை. கனமானதைப் பின்னுக்குத் தள்ளிப் படுக்கவையுங்கள். தச்சரிடம் சொல்லி முன்விளிம்பில் இரண்டங்குல உயரத்துக்கு ஒரு மரப்பட்டி அடித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

பாத்ரூம் கீசரையும் பாருங்கள். 25 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே 25 கிலோ. அது மர ஸ்க்ரூவில் தொங்கக் கூடாது, சுவருக்குள் விரிந்து பிடிக்கும் ஆங்கர் ஃபாஸ்னரில் இருக்க வேண்டும். கையால் மெல்ல அசைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

14.2 கிலோ சிலிண்டர் சாயாமல் மேடையோடு ஒரு சங்கிலி. அடுப்புக்குப் போகும் ஆரஞ்சு ட்யூப் விறைப்பாக இழுபடாமல் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். ஐந்து வருடம் ஆனால் மாற்றிவிடுங்கள். இரவில் ரெகுலேட்டரை மூடும் பழக்கம் இருந்தால் நள்ளிரவு அதிர்வில் ஒரு வேலை மிச்சம். வீட்டில் எல்லோருக்கும், வேலைக்கு வரும் அக்காவுக்கும் சேர்த்து, ரெகுலேட்டர் மூடவும் மெயின் சுவிட்ச் அணைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

பால்கனி கைப்பிடிச் சுவரின்மேல் இருக்கும் துளசித் தொட்டியையும் குரோட்டன்ஸையும் தரையில் இறக்குங்கள். அது விழுவது உங்கள் தலையில் அல்ல, கீழே போகிறவர் தலையில்.

கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி செருப்பும் டார்ச்சும் வையுங்கள். இருட்டில் உடைந்த கண்ணாடியை மிதித்துக் காலைக் கிழித்துக்கொள்வதைச் செருப்பு தடுக்கும். அவசரப் பை தனியாக வேண்டாம். புயலுக்கும் வெள்ளத்துக்கும் எடுத்துவைத்த பையே போதும். மருந்து, ஆவண நகல், பவர் பேங்க், விசில், கொஞ்சம் ரொக்கம். ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் வீதம் மூன்று நாள் குடிநீர். நாலு பேர் வீட்டுக்கு 48 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்று இருந்தால் சரியாக இருக்கும்.

ஆடும்போது

1. இருக்கும் இடத்திலேயே மண்டியிட்டுக் குனியுங்கள். நின்றால் விழுவீர்கள்.

2. உறுதியான மேசையின் கீழ் நுழையுங்கள். கண்ணாடி டைனிங் டேபிள் கணக்கில் வராது. மேசை இல்லையென்றால் உள்சுவரோரம் உட்கார்ந்து பின்தலையையும் பிடரியையும் கைகளால் மூடுங்கள். ஜன்னல், பீரோ, டிவி பக்கம் வேண்டாம்.

3. மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை நகர்ந்தால் கூடவே நகருங்கள்.

கதவு நிலைக்கு அடியில் நிற்பது பழைய அறிவுரை. இன்றைய வீட்டில் கதவு நிலை சுவரைவிட உறுதியானதல்ல, ஆடும் கதவு விரலை நசுக்கும்.

படுக்கையில் இருந்தால் இறங்க வேண்டாம். குப்புறப் படுத்துத் தலையணையால் தலையை மூடுங்கள். முழங்கால் மடக்க முடியாத பாட்டி தாத்தா நாற்காலியிலேயே குனிந்து தலையை மூடிக்கொள்ளட்டும். சக்கர நாற்காலி என்றால் முதலில் பிரேக். அடுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அணையுங்கள். எட்டவில்லையென்றால் கொதிக்கும் எண்ணெயை விட்டு விலகுவதுதான் முதல் வேலை.

ஓடலாமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கணக்கு போட்டுப் பாருங்கள். அருகில் வரும் நடுத்தர அதிர்வு அரை நிமிடத்துக்குள் முடியும். ஐந்தாம் மாடியிலிருந்து இறங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், நெரிசலில் இன்னும் அதிகம். ஆக, ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது நீங்கள் படிக்கட்டில் இருப்பீர்கள். சாய்வாக நிற்கும் படிக்கட்டுப் பலகை கட்டடத்தின் ஆட்டத்துக்கு முட்டுக்கொடுப்பதுபோல் விறைப்பாக நிற்பதால், முதலில் அடிவாங்குவதில் அதுவும் ஒன்று. தரைத்தளத்தில் வாசலுக்கு நாலடி தூரத்தில் இருப்பவர், வெளியே திறந்த வெளி இருந்தால், போய்விடலாம். மற்றவர்கள் நின்ற பிறகு இறங்குங்கள்.

லிஃப்டில் மாட்டினால் எல்லாத் தளப் பட்டன்களையும் அழுத்தி, முதலில் எங்கே திறக்கிறதோ அங்கே வெளியேறுங்கள். ரங்கநாதன் தெருவில் இருந்தால் போர்டும் கண்ணாடியும் விழும். கடைக்குள் ஒதுங்குவது மேல். பைக்கிலோ காரிலோ இருந்தால் மேம்பாலத்தின் அடியிலும் மின்கம்பியின் அடியிலும் இல்லாமல் ஓரமாக நிறுத்துங்கள்.

நின்ற பிறகு

முதலில் மூக்கு. கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். வாசனை இல்லையென்றால் மெயினை அணைத்துவிட்டு, செருப்புப் போட்டுக்கொண்டு, படியில் சுவரோரமாக இறங்குங்கள். லிஃப்ட் வேண்டாம், அதன் எதிர்எடை தண்டவாளத்திலிருந்து விலகியிருக்கலாம், சர்வீஸ்காரர் பார்த்துச் சொல்லும்வரை பூட்டியே இருக்கட்டும்.

கீழே வந்ததும் எல்லோரும் செய்யும் தவறு, கட்டடத்தின் நிழலிலேயே கூட்டமாக நின்று போனைப் பார்ப்பது. தளர்ந்த சன்ஷேடும் கண்ணாடியும் பின்னதிர்வில்தான் விழும். கட்டடத்தின் உயரத்தில் பாதியாவது தள்ளி நில்லுங்கள். நெருக்கமான தெருவில் அதற்கு இடம் இருக்காது. பக்கத்து மைதானமோ பள்ளி வளாகமோ எது என்று அசோசியேஷனில் இப்போதே பேசி வையுங்கள்.

திரும்ப உள்ளே போவதற்குமுன் மறுபடி அந்த பார்க்கிங் தூண்கள். தூணின் தலையிலோ அடியிலோ குறுக்காகவோ, பெருக்கல் குறிபோலவோ வெடிப்பு, கான்கிரீட் நொறுங்கிக் கம்பி வெளியே தெரிவது, கதவுகள் திடீரென்று மூடாமல் போவது, கட்டடம் ஒரு பக்கம் இறங்கியது போன்ற தோற்றம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்ளே போகாதீர்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்க வேண்டும். மேஸ்திரி சொல்வது போதாது.

சுவரும் பீமும் சேரும் இடத்தில் நேர்கோடாக வரும் மயிரிழை வெடிப்பு வேறு. செங்கல்லும் கான்கிரீட்டும் வெவ்வேறாக ஆடியதால் பூச்சு விட்டது, அவ்வளவே. பல சமயம் அது முன்பே இருந்திருக்கும், நீங்கள் இன்றுதான் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் நடுவில் சந்தேகமாக இருப்பவற்றுக்கு, வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். நாணயம் விளிம்புவாக்கில் உள்ளே நுழைந்தாலோ, ஒரு வாரத்தில் வெடிப்பு கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

சம்பை மறந்துவிடுவார்கள். தரைக்கடியில் இருக்கும் இந்தத் தண்ணீர்த் தொட்டி, பல வீடுகளில் செப்டிக் டேங்குக்கோ சாக்கடைக் குழாய்க்கோ பக்கத்திலேயே. இரண்டிலும் விரிசல் விட்டால் கழிவு உள்ளே கசியும். இரவு இன்லெட்டை மூடி, மோட்டார் போடாமல், தண்ணீர் மட்டத்தைச் சுவரில் குறித்துவையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் கசிவு. ஏறியிருந்தால் இன்னும் மோசம், வெளியிலிருந்து ஏதோ உள்ளே வருகிறது. அதுவரை கேன் தண்ணீர்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக

2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவில் நிலநடுக்கம். சென்னைக்கு அலை வந்து சேர சுமார் இரண்டரை மணி நேரம் ஆனது. அன்றைக்கு எச்சரிக்க அமைப்பு இல்லை. இப்போது ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை நிலையம் இயங்குகிறது. 2012-இல் 8.6 வந்தும் பெரிய அலை எழாததற்குக் காரணம், கடல்தரை மேலும் கீழுமாகப் பெயராமல் பக்கவாட்டில் நழுவியதே. அதாவது, நிலநடுக்க அளவை மட்டும் பார்த்து நீங்களாக முடிவு செய்ய முடியாது.

கடற்கரையில் நிற்கும்போது இருபது வினாடிக்கு மேல் பலமாக ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். மெரினாவிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம், பெசன்ட் நகரிலிருந்து எல்.பி. சாலைப் பக்கம் என்று நேர் மேற்கே நடந்தே போங்கள். வண்டியை எடுத்தால் முதல் சிக்னலிலேயே மாட்டுவீர்கள். அடையாறு, கூவம் முகத்துவாரங்களையும் எண்ணூர் கழிமுகத்தையும் ஒட்டிப் போகாதீர்கள், அலை ஆற்றுக்குள்ளும் ஏறும். முதல் அலை வடிந்ததும் வண்டி எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. அடுத்தது பெரிதாக இருக்கலாம்.

போனும் பாலிசியும்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் பாதுகாப்பு, அவசர உதவிப் பகுதிக்குப் போனால் நிலநடுக்க எச்சரிக்கை இருக்கும். லொகேஷனும் நெட்டும் ஆனில் இருக்க வேண்டும். அதிகாரபூர்வ அளவு தேசிய நில அதிர்வு மையத்தின் தளத்திலும் பூகம்ப் செயலியிலும் வரும். முதலில் 5.8 என்று வந்தது ஒரு மணி நேரத்தில் 5.5 ஆனால் ஏமாற்று இல்லை. கூடுதல் நிலையங்களின் பதிவு வந்து கணக்கு திருந்தியிருக்கிறது. "இன்று இரவு 11 மணிக்கு அடுத்தது வருகிறது" என்று வாட்ஸப்பில் வந்தால் அழித்துவிடுங்கள். நேரம் குறித்துச் சொல்லும் வித்தை உலகில் யாரிடமும் இல்லை. ஊரே போன் பேசும் அந்த அரை மணி நேரத்தில் அழைப்பைவிட எஸ்.எம்.எஸ். சீக்கிரம் போகும். உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

வீட்டுக் காப்பீட்டில் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி நிலநடுக்கத்தையும் சேர்த்தே வருகிறது. பார்க்கிங்கில் நிற்கும் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் ஒரு பைசா வராது. முழுக் காப்பீடு வேண்டும். வாடகைக்கு இருப்பவர் கட்டடத்துக்குக் காப்பீடு எடுக்கத் தேவையில்லை, உள்சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். எடுக்கும் நாளிலேயே ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். கிளெய்ம் போடும்போது, வெடிப்பு முன்பே இருந்ததா என்றுதான் சர்வேயர் முதலில் கேட்பார்.